சாம்பல் ஹாப்பரில் ஊதும் கொம்பு

சோனிக் ஹார்ன் என்பது அழுத்தக் காற்றால் ஊதப்படும் பெரிய ஊதுகொம்பு. சிமெண்ட் சைலோ, நிலக்கரி பங்கர், அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஹாப்பர், மாவு ஆலையின் சேமிப்புக் கலம் ஆகியவற்றின் சுவரிலோ கூரையிலோ இதைப் பொருத்துகிறார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை சில நொடிகள் ஊதும். உள்ளிருக்கும் தூள் சுவரில் ஒட்டாமலும் கட்டி பிடிக்காமலும் அந்த ஒலி பார்த்துக்கொள்கிறது. கப்பலிலும் ரயில் இன்ஜினிலும் ஊதுவது இதே வகைக் கருவிதான். அங்கே ஆட்களை விலக்க ஊதுகிறார்கள், இங்கே தூளை இறக்க ஊதுகிறார்கள்.

தூளை இறக்க இவ்வளவு பாடு ஏன்? குதிரின் அடிவாயைத் திறந்தால் நெல் தானாகக் கொட்டும். அதே குதிரில் அரிசி மாவை நிரப்பி வைத்தால் கையை விட்டுத் துழாவினாலும் பிடிவாதமாக நிற்கும். துகளின் அளவுதான் காரணம். ஒரு துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அதன் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆனால் பக்கத்துத் துகளோடு அதை ஒட்டவைக்கும் மூலக்கூறு விசை பத்தில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. துகள் நுணுக நுணுக எடை தோற்று ஒட்டு ஜெயிக்கிறது. ஏறத்தாழ 100 மைக்ரானுக்குக் கீழே இந்தப் போக்கு நன்றாகத் தெரியத் தொடங்கும். சிமெண்டும் உலர் சாம்பலும் பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கின்றன. கொஞ்சம் ஈரமோ, மேலிருந்து அழுத்தும் பாரமோ, இரண்டு நாள் அசையாமல் கிடக்கும் வாய்ப்போ சேர்ந்தால் ஒட்டு இன்னும் வலுக்கும். சனி, ஞாயிறு நின்றிருந்த சைலோ திங்கட்கிழமை காலை அடம்பிடிப்பதற்கு இதுவே விளக்கம்.

அடைப்பு இரண்டு உருவங்களில் வரும். கலத்தின் அடியிலுள்ள கூம்பின் வாய்க்கு மேலே தூள் வளைவாகக் கட்டிக்கொண்டு தன் மேலுள்ள பாரத்தைத் தானே தாங்கி நிற்பது ஒன்று. கீழே வாய் காலியாக இருக்கும், மேலே பல டன் தொங்கும். மற்றொன்றில், வாய்க்கு நேர் மேலே ஒரு குழாய் அளவுக்கு மட்டும் தூள் இறங்கிவிட்டு, சுற்றிலும் உள்ளது சுவரோடு சுவராக நின்றுவிடும். ஆலைகளில் இதை எலிப்பொந்து என்ற பொருளில் ‘ரேட் ஹோல்’ என்கிறார்கள். 500 டன் கொள்ளும் சைலோவில் 100 டன்தான் புழங்குகிறது என்றால் பெரும்பாலும் இந்தப் பொந்துதான் காரணம்.

இதன் இயற்பியலுக்கு வயது நூற்றுக்கு மேல். தானியத்தின் பாரத்தில் ஒரு பகுதியைச் சுவர் உராய்வு தாங்கிக்கொள்வதால், ஓர் ஆழத்துக்குப் பிறகு அடித்தளத்தின் மீதான அழுத்தம் கூடுவதே இல்லை என்று ஜெர்மன் பொறியாளர் யான்சென் 1895-இல் காட்டினார். எந்தத் தூளுக்கு எவ்வளவு சரிவான கூம்பும் எவ்வளவு அகன்ற வாயும் வேண்டும் என்று கணக்கிடும் முறையை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜெனிகே உருவாக்கினார். 1964-இல் அதை நூலாக வெளியிட்டார். தூளின் வெட்டு வலிமையை ஒரு சிறு கருவியில் அளந்து, வளைவு தன் எடையைத் தாங்கும் அளவுக்கு அது வலுப்பெறுமா என்று பார்ப்பதே முறையின் சாரம். அப்படிக் கணக்கிட்டுக் கட்டிய கலத்துக்கு ஹார்ன் தேவைப்படுவது அபூர்வம். நடைமுறையில், ஒரு பொருளுக்காகக் கட்டிய சைலோவில் வேறொரு பொருள் வந்து விழுகிறது; நிலக்கரியின் சுரங்கம் மாறுகிறது; மழைக்காலம் வருகிறது. அப்போது சுத்தியலை எடுக்கிறார்கள். பழைய ஹாப்பர் எதையும் வெளியிலிருந்து பார்த்தால் கூம்பின் தகடு முழுக்கச் சுத்தியல் தழும்பு தெரியும். ஒவ்வொரு தழும்பும் உள்பக்கம் ஒரு புடைப்பு. அடுத்த அடைப்பு அந்தப் புடைப்பில்தான் பிடிக்கும்.

ஹார்னின் உள்ளமைப்பு எளியது. தலைப்பகுதியில் டைட்டேனியத் தகடாலான ஒரு டயாஃப்ரம். 4 முதல் 6 பார் அழுத்தத்தில் வரும் காற்று அதைத் தள்ளித் திறந்து வெளியேறும்; அழுத்தம் விழுந்ததும் தகடு திரும்பி வந்து மூடும்; மறுபடி திறக்கும். இந்தத் துடிப்பு முன்னாலுள்ள விரிகொம்பில் பெருகி வெளிவருகிறது. கொம்பு நீளமானால் சுருதி இறங்கும். பயன்பாட்டில் உள்ளவை பெரும்பாலும் 60 முதல் 420 ஹெர்ட்ஸ் வரை. அறை வெப்பநிலையில் 75 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாலரை மீட்டர். 350 ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டர்தான். நீண்ட அலை பெரிய கலம் முழுக்கப் பரவும், தடைகளைச் சுற்றிக்கொண்டு போகும். குறுகிய அலையின் ஆட்சி சின்ன இடத்தில். அதனால் அகன்ற சைலோவில் சுவரோடு நிற்கும் தூளை இறக்கக் கூரையில் தாழ்சுருதிக் கொம்பும், கூம்பின் வாயருகே வளைவு கட்டாமல் இருக்க உயர்சுருதிக் கொம்பும் வைப்பது வழக்கம்.

கொம்பின் வாயருகே ஒலி 145 முதல் 150 டெசிபல் வரை போகும். கேட்க மிரட்டலாக இருக்கும் இந்த எண் அழுத்தக் கணக்கில் மிகச் சிறியது. 150 டெசிபல் என்றால் சுமார் 630 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. 75 ஹெர்ட்ஸில் அந்த ஒலி காற்றை முன்னும் பின்னும் தள்ளும் தூரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஆனால் நொடிக்கு 75 முறை தள்ளி இழுக்கிறது. பக்கத்துப் பக்கத்துத் துகள்கள் ஒரே மாதிரி அசையாததால் இடையிலுள்ள ஒட்டு விட்டுப்போகிறது. விட்டதை ஈர்ப்பு விசையோ காற்றோட்டமோ கொண்டுபோகிறது. ஒலியின் வேலை பிரித்துவிடுவதோடு முடிந்தது.

இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது. ஒட்டு இளசாக இருக்கும்போதுதான் இந்த 3 மில்லிமீட்டருக்கு அது மசியும். நீர் பட்டு இறுகிய சிமெண்டையும், களிமண் கலந்த ஈர நிலக்கரியையும், மாதக்கணக்கில் கெட்டித்த சாம்பலையும் ஹார்ன் அசைக்காது. அடைப்பை உடைக்கும் கருவியாக இதை வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். அடைப்பு வராமல் காப்பதே இதன் தொழில். பாதுகாப்பாகப் பொருத்துவதற்கான விதிகளில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஹாப்பரை எடுத்துக்கொண்டால் இது கண்கூடாகும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல் இருப்பது சகஜம். 210 மெகாவாட் அலகு ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 3,000 டன் எரித்தால் 1,000 டன் சாம்பல். அதில் ஐந்தில் நான்கு பங்கு புகையோடு பறந்து வந்து, ஈ.எஸ்.பி. எனப்படும் நிலைமின் வீழ்படிவுக் கருவியில் பிடிபட்டு, அடியிலுள்ள கூம்பு ஹாப்பர்களில் விழுகிறது. பெரும்பகுதி முதல் வரிசை ஹாப்பர்களிலேயே விழும். அங்கே ஒரு ஹாப்பர் சில மணி நேரம் இறங்காமல் நின்றாலும் சாம்பல் மேலேறி, பல்லாயிரம் வோல்ட்டில் இருக்கும் மின்முனைகளைத் தொட்டு அந்தப் பகுதியின் மின்புலத்தையே முடக்கிவிடும். அதைவிட மோசம், கணக்கில் இல்லாத அந்தப் பாரத்தைத் தாங்குதூண்கள் சுமக்க வேண்டியிருப்பது.

சாம்பல் அங்கே 120, 130 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். நின்றுபோன ஹாப்பரின் அடிக்கதவைத் திறந்து கம்பியால் குத்தும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. வளைவு உடைந்ததும் சாம்பல் தூளாக விழுவதில்லை. இடையில் சிக்கிய காற்றோடு சேர்ந்து நீர்போல் பாய்ந்து வரும். குத்துபவர் விலக நேரமிருக்காது. சாம்பல் ஹாப்பர் தீக்காயங்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் காட்சிதான். ஹார்ன் பொருத்துவதன் உண்மையான லாபம், அந்தக் கதவைத் திறக்கும் தேவை குறைவது.

ஆகவே பொருத்தும் வேலை காலியான, சுத்தமான கலத்தில் தொடங்க வேண்டும். பாதி அடைத்துக் கிடக்கும் சைலோவில் ஹார்னை மாட்டி ஊதினால், அது நேர்த்தியாகச் சுத்தம் செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. ஒன்றும் நடக்காமல் போகலாம். அல்லது சுவரில் நிற்கும் பாளம் ஒட்டுமொத்தமாகப் பெயர்ந்து விழலாம். பல டன் எடை சில மீட்டர் விழும்போது கூம்பு தாங்கவேண்டிய அடி வடிவமைப்பில் இருந்திருக்காது. விழும் பாளம் கீழே காற்றை அழுத்தித் தூளை வெளியே பீய்ச்சும். மேலே வெற்றிடம் உண்டாகி மெல்லிய கூரைத் தகடு உள்வாங்கவும் செய்யும். முதல் சுத்தத்தை அதற்குரிய ஆட்களும் முறைகளும் செய்துமுடித்த பிறகே ஹார்னின் முறை வருகிறது.

கலத்துக்குள் ஆள் இறங்க வேண்டியிருந்தால் மூடிய இடத்துக்கான பெர்மிட் வேண்டும். ஆக்சிஜன் அளவு பார்த்து, இடுப்பு வாரும் கயிறும் கட்டி, வெளியே ஓர் ஆள் நின்று கவனிக்க வேண்டும். தலைக்கு மேலே சுவரில் தூள் தொங்கும்போது கீழே யாரும் நிற்கக்கூடாது. ஈ.எஸ்.பி. என்றால் மின்சாரத்தை நிறுத்தியது போதாது, மின்முனைகளை எர்த் செய்த பிறகே கதவு திறக்கலாம். வெல்டிங்குக்குத் தனி பெர்மிட். நிலக்கரி, சர்க்கரை, மாவு இருந்த கலத்தில் மிச்சத் தூளைத் துடைக்காமல் வெல்டிங் தீப்பொறி விழவிடுவது வெடிமருந்துக் கிடங்கில் பீடி பற்றவைப்பதற்குக் குறைந்ததில்லை.

சுவரில் துளையிட்டு ஒரு குழாய்த்துண்டையும் ஃபிளாஞ்சையும் வெல்டு செய்து அதில் கொம்பை மாட்டுவார்கள். தகடு மெல்லியதாக இருந்தால் முதலில் ஒரு தடித்த பேட் பிளேட் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஊதலிலும் தகடே அதிர்ந்து வெல்டிங் விளிம்பில் விரிசல் விடும். கொம்பின் வாய் உள்சுவரோடு சமமாக, சற்றே கீழ்நோக்கி இருப்பது நல்லது. வானம் பார்த்த வாயில் தூள் நிரம்பும். நிரம்பிய கொம்பு ஊதாது. உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் விழும் கட்டிகள் அதைத் தேய்த்துத் தின்றுவிடும். எடை பல பத்துக் கிலோ இருக்கும் என்பதால், போல்ட்டுகளை மட்டும் நம்பாமல் கட்டமைப்பிலிருந்து தனியாக ஒரு சங்கிலியோ எஃகுக் கயிறோ கட்ட வேண்டும். அதிர்வில் நட்டு கழன்றாலும் கொம்பு நடைபாதையில் விழாது.

காற்றுப் பாதையில்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். முதல் பிழை, அழுத்தத்தை ஊதாத நேரத்தில் பார்ப்பது. கேஜில் 6 பார் நிற்கும்; ஊதத் தொடங்கியதும் 3-க்கு விழும்; டயாஃப்ரம் முனகும். ஊதும்போது ஹார்ன் நிமிடத்துக்கு ஒன்று முதல் இரண்டு கன மீட்டர் என்ற வேகத்தில் காற்றைக் குடிக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நொடி என்றால் சராசரிச் செலவு அதில் அறுபதில் ஒரு பங்குதான். அந்தப் பத்து நொடி தாக்குப்பிடிக்கப் போதிய விட்டமுள்ள குழாயும், தூரம் அதிகமென்றால் அருகிலேயே காற்றைச் சேமிக்கும் ஒரு ரிசீவர் டேங்கும் வேண்டும். பல ஹார்ன்கள் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஊதவைப்பது காற்றுக்கும் நல்லது, காதுக்கும் நல்லது.

கடைசி அரை மீட்டர், ஒரு மீட்டரை வளையும் ஹோஸாக விடவேண்டும். இரும்புக் குழாயை நேரே திருகினால் அதிர்வில் மரை முறியும். ஹோஸ் கழன்றால் பாம்புபோல் அடிக்கும் என்பதால் இரு முனைகளையும் சேர்த்துப் பிடிக்கும் விப்-செக் கம்பி கட்டாயம். காற்று உலர்ந்து இருக்கவேண்டும். கடலோர ஆலைகளில் ட்ரையர் இல்லாத கம்ப்ரெஸர் லைனில் தண்ணீர் தேங்கும். அது துருவையும் கூட்டிக்கொண்டு போய் டயாஃப்ரத்தின் அடியில் உட்காரும். சூடான வாயுவுக்குள் மாட்டிய கொம்புக்கு, ஊதாத நேரத்திலும் சிறிதளவு காற்றை இடைவிடாமல் விட்டுக்கொண்டிருப்பது வழக்கம். வெப்பமும் தூளும் தலைப்பகுதிக்கு ஏறாமல் அது தடுக்கும்.

அடுத்தது, ஆள் உள்ளே போகுமுன் ஹார்னை முடக்கும் பூட்டு. டைமரை நிறுத்திவிட்டோம், பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினியில் ஆஃப் செய்துவிட்டோம் என்பதெல்லாம் பூட்டு ஆகாது. காற்றை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு கசியலாம். அதன் பக்கத்திலுள்ள கைத்திருகை யாராவது சும்மா திருப்பிப் பார்க்கலாம். ஒவ்வொரு ஹார்னுக்கும் முன்னால் கையால் மூடும் வால்வு ஒன்று வேண்டும். மூடினால் அடுத்த பக்கம் மிஞ்சியிருக்கும் காற்றை வெளியேற்றிவிடும் வகையாகவும், பூட்டுப் போடக் காதுள்ளதாகவும் அது இருக்கவேண்டும். உள்ளே போகிறவர் தன் பூட்டைத் தானே போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வார். மின் இணைப்புக்கும் அதே முறை. பூட்டிய பிறகு ஸ்விட்சை ஒருமுறை தட்டி, ஊதவில்லை என்று பார்த்தபின்தான் கதவு.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு ஒலியின் கணக்கே பதில். இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. 115-க்கு மேல் நொடி நேரமும் அனுமதியில்லை. 90-க்கும் 150-க்கும் இடையே உள்ள 60 டெசிபல், ஆற்றலில் பத்து லட்சம் மடங்கு. 8 மணி நேரத்துக்கான ஒலி ஆற்றல் ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்குக்குள் காதில் இறங்கிவிடும். காதடைப்பானும் காது மூடியும் சேர்த்துப் போட்டாலும் ஊதும் கலத்துக்குள் இருக்கத் தகுதி வராது; தாழ்சுருதியைத் தடுப்பதில் அவை பலவீனமானவை.

வெளியே நிலைமை வேறு. எஃகுச் சுவரும் அதன் மேலுள்ள வெப்பக்காப்பும் ஒலியைப் பெரிதும் தின்றுவிடும். ஆனால் திறந்த மேன்ஹோல், பொருந்தாத கேஸ்கெட், கூரை வென்ட் வழியாகக் கசிவது தனிக் கதை. அளக்கும்போது ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒலி மீட்டரின் ‘ஏ’ அளவுகோல் மனிதக் காதைப் பின்பற்றித் தாழ்சுருதியைக் குறைத்துக் காட்டும். 75 ஹெர்ட்ஸில் அந்தக் குறைப்பு ஏறத்தாழ 23 டெசிபல். மீட்டர் 85 என்று சொன்னால் அங்கே உண்மையில் 108 இருக்கிறது. விதிப்படி தவறில்லைதான், ஆனால் கைப்பிடிக் கம்பியும் ஜன்னல் கண்ணாடியும் அதிர்வதற்கு அந்த 108 போதும். எனவே ‘சி’ அளவுகோலிலும் ஒரு முறை படிக்க வேண்டும். ஆலையைத் தாண்டி ஊர் இருந்தால் இரவில்தான் அளக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். தாழ்சுருதி ஒலி தூரம் போகும், சுவரையும் மதிக்காது. ஹார்ன் உள்ள தளத்தில், ஊதுவதற்குச் சில நொடி முன்பே எரியும் எச்சரிக்கை விளக்கு வைப்பது செலவில்லாத நல்ல காரியம். உயரத்தில் ஏணியில் நிற்பவர் திடுக்கிட்டுக் கைவிடுவதும் விபத்துதான்.

எரியும் தூள் என்றால் இன்னொரு அடுக்குச் சேர்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையில் 2008 பிப்ரவரி 7 அன்று சர்க்கரைத் தூள் வெடித்து 14 பேர் இறந்தார்கள். காற்றில் மிதக்கும் சர்க்கரை, மாவு, நிலக்கரித் தூளுக்கு ஒரு பொறி போதும். ஹார்ன் தன்னளவில் பொறி உண்டாக்காது. ஆனால் சுவரில் படிந்திருப்பதை வேண்டுமென்றே காற்றில் கிளப்புவதுதான் அதன் வேலை. ஐரோப்பிய அட்டெக்ஸ் விதிகள் தூள் அபாய இடங்களை 20, 21, 22 என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன; கலத்தின் உட்பகுதி பெரும்பாலும் கடுமையான 20-இல் வரும். அங்கே கொம்பையும் ஹோஸையும் எர்த் செய்யாமலோ, சாதாரண சோலினாய்டு காயிலை வைத்தோ வேலை முடிப்பது குற்றம். சாம்பலுக்கும் சிமெண்டுக்கும் இந்தக் கவலை இல்லை. அவை எரிந்து முடிந்தவை.

இயக்கத்துக்கு விடும்போது ஹார்னை ஹாப்பரின் வெளியேற்றத்தோடு இணைத்துவிட வேண்டும். அடிவால்வு மூடியிருக்கையில் ஊதிக்கொண்டே இருந்தால் இறங்கிய தூள் வாயருகே குவிந்து நெருங்கிப் படியும். வெளியேற்றத்துக்குச் சற்று முன்பும் அது நடக்கும்போதும் ஊதுவதே சரி. பத்து நொடி ஊதியும் போதவில்லை என்று தோன்றினால் ஊதலை நீட்டாமல் இடைவெளியைக் குறைப்பதே நல்ல பலன் தரும். வரவேண்டியது முதல் சில நொடிகளிலேயே வந்துவிடும். மீதி வெறும் காற்றுச் செலவு.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. காற்றுக் குழாயின் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை இறக்குவது, நட்டுகளை முறுக்கிப் பார்ப்பது, சங்கிலியைப் பார்ப்பது, ஆண்டுக்கொரு முறை தலைப்பகுதியைத் திறந்து டயாஃப்ரத்தில் விரிசல் தேடுவது, அவ்வளவே. திறக்குமுன் பூட்டும் காற்று வெளியேற்றமும் இங்கேயும் பொருந்தும். தினமும் கேட்கும் ஆபரேட்டருக்குச் சுருதி மாறியதும் தெரிந்துவிடும்: கரகரத்தால் டயாஃப்ரம் போகிறது, முனகினால் அழுத்தம் போதவில்லை, ஊதலே கேட்கவில்லையென்றால் கொம்பில் தூள் நிரம்பியிருக்கிறது. கொம்பு நல்ல சுருதியில் ஊதியும் ஹாப்பர் அடைக்கிறது என்றால் இன்னொரு ஹார்ன் வாங்குவது வீண். ஹாப்பர் ஹீட்டர் வேலை செய்கிறதா, ஆய்வுக்கதவின் கேஸ்கெட் வழியாகக் குளிர்காற்று உள்ளே போய்ச் சாம்பலை வியர்க்கவைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான அடைப்புகளின் வேர் அங்கேதான் இருக்கும்.